தரிசில் மூன்று வரிசை

ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குக் காசு வாங்குவது சுகமான பிழைப்பு என்று நினைக்கிறவர்கள் தையல்காரர் மகளோடு ஒரு வாரம் இருந்து பார்த்திருக்க வேண்டும். நாலு வருடமாக அவள் வீட்டு நிலம் சும்மா கிடந்தது. அப்படிச் சும்மா கிடப்பதற்கு அரசாங்கம் வருடத்துக்கு இரண்டு தவணை பணம் போட்டது. அதைச் சும்மா கிடக்க வைப்பதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

திட்டத்தின் முழுப் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தவர் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. நிலத்தடி நீர், மீட்பு, பயிரிடா நிலம், ஊக்கத்தொகை என்று நாலைந்து சொற்கள் அதில் முட்டி மோதிக்கொண்டு நின்றன. ஊர் அதைச் சுருக்கி 'சும்மா பணம்' என்றது. பத்து வருடத்துக்கு நிலத்தில் எதையும் விதைக்கக் கூடாது, தண்ணீர் எடுக்கக் கூடாது. ஏக்கருக்கு இவ்வளவு என்று பணம் வரும். யார் யார் எவ்வளவு வாங்குகிறார்கள் என்ற பட்டியலை வருடா வருடம் வேளாண்மை அலுவலகத்தின் வெளிச்சுவரில் ஒட்டுவார்கள். தன் வீட்டுக் கரண்டு பில்லைப் படிக்கத் தெரியாதவன் கூட அந்தச் சுவரில் அடுத்தவன் தொகையைப் பைசா பிசகாமல் படித்துவிட்டு வருவான்.

நிபந்தனைகளில் ஒன்றுதான் உயிரை வாங்குவது. களை முளைக்கலாம். புல் முளைக்கலாம். முள்செடி ஆள் உயரத்துக்கு நிற்கலாம், ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஆனால் மனிதன் கையால் போட்ட விதை முளைத்து நின்றால் அன்றோடு பணம் நின்றுபோகும். அதுவரை வாங்கியதையும் திருப்பிக் கட்ட வேண்டும். கட்ட முடியாவிட்டால் நிலம் ஏலத்துக்குப் போகும்.

இதையெல்லாம் மனதில் வைத்திருந்தது அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். நிலத்துக்குச் சொந்தக்காரர், பட்டியலில் பெயர் உள்ளவர், அவளுடைய மாமனார். அவருக்கு இரண்டு வருடமாக ஞாபகம் கழன்றுகொண்டே வந்தது. காலையில் சாப்பிட்டதை மறந்தார். மகன் செத்துப்போனதை மறந்தார். திட்டத்தை மறந்தார். விதைப்பதை மட்டும் மறக்கவில்லை.

ஊரில் அவருக்கு 'நூல்காரர்' என்று பெயர். நூல் பிடித்த மாதிரி விதைப்பார் என்பதால் வந்த பெயர். ஆனால் வாழ்நாளில் அவர் நூல் பிடித்ததே இல்லை. வரிசை தொடங்கும் இடத்தில் நின்று, எதிர்ப்பக்கம் கம்பமோ கல்லோ ஏதாவது ஒன்றைக் கண்ணில் பிடித்துக்கொள்வார். அப்புறம் அதையே பார்த்தபடி நடப்பார். கையில் இருக்கும் குச்சி குழி போடும், இரண்டு மக்காச்சோள மணி விழும், கால் மண்ணைத் தள்ளி மூடும். ஒரு தடவை கூடக் கீழே பார்க்க மாட்டார். காலைப் பார்த்து நடக்கிறவன் வரிசை கோணிக்கொண்டுதான் போகும் என்பது அவர் கட்சி. முளைத்த பிறகு வயலின் ஒரு முனையில் நின்று பார்த்தால் மறுமுனை வரைக்கும் முதல் செடி மட்டும்தான் தெரியும். மற்றதெல்லாம் அதன் பின்னால் ஒளிந்து நிற்கும்.

அவள் அந்த வீட்டுக்கு வந்தபோது பயிருக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாது. டவுனில் அப்பாவின் தையல் கடையில் காஜா எடுத்து வளர்ந்தவள். வந்த முதல் பருவத்தில் ஆள் பற்றாக்குறை என்று குச்சியை அவள் கையில் கொடுத்தார்கள். பயந்து பயந்து ஒரு வரிசை போட்டு முடித்தாள். மாமனார் முனையில் நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். "தையல்காரன் மகள் இல்ல? கோடு தப்பல" என்றார். அதற்கு முன்னும் பின்னும் அவர் வாயிலிருந்து அவளுக்கு ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. அந்தப் பெயர் மட்டும் ஊரில் ஒட்டிக்கொண்டது.

அவள் கணவன் கிணற்றில் போனான். மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கிணறு வற்றியபோது ஆழப்படுத்துகிறேன் என்று இறங்கினான், மண் சரிந்தது. மேலே எடுக்கும்போது மூச்சு இல்லை. கிணற்றை மூடி, மேலே சிமெண்டு பலகை போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் அவள் கால் வைத்ததே கிடையாது. அடுத்த வருடம் சும்மா பணம் வந்தது. தண்ணீரும் இல்லை, ஆணும் இல்லை. அவள் விண்ணப்பத்தை வாங்கி வந்து மாமனார் முன்னால் வைத்தாள்.

"நிலத்தைக் கட்டிப்போட்டுட்டுக் காசு வாங்கறதா? மாட்டேன்" என்றார் அவர்.

மூன்று நாள் கெஞ்சினாள். மூன்றாவது நாள் காலில் விழுந்தாள். கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தவர், ஒரு வருடம் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். அறுபது வருடம் ஓடிய உடம்பு. அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாக மறக்க ஆரம்பித்தது. வயதானால் வருவதுதான் என்று டாக்டர் சொன்னார். அவளுக்கு அதில் நம்பிக்கை இல்லை. கையெழுத்து வாங்கியது தான்தான், அவர் தலையைக் காலி பண்ணியதும் தான்தான் என்று மனதுக்குள் ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது.

இப்போது விடிந்ததும் விடியாததுமாக எழுந்து போய்விடுவார். அவள் கோழிக்கூண்டைத் திறந்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் வயலில் நிற்பார். பையில் மக்காச்சோளம், கையில் குச்சி. முதல் தடவை பார்த்த அன்றே வீட்டில் இருந்த விதையையெல்லாம் கோணியோடு தூக்கிப் பக்கத்து ஊரில் ஒரு தோழி வீட்டில் போட்டுவிட்டு வந்தாள். பத்து நாள் கழித்து மறுபடியும் முளைத்திருந்தது. அவரை உள்ளே வைத்துப் பூட்டிப் பார்த்தாள். கதவைத் தட்டித் தட்டிக் கையில் ரத்தம் வந்தது. பூட்டைத் தூக்கி எறிந்தாள்.

அதனால் தினமும் காலையில் அவளுக்கு ஒரே வேலை. மாமனார் தூங்கும் மதிய நேரம் வரை காத்திருக்க முடியாது. பச்சை தெரிவதற்குள் பிடுங்க வேண்டும். வரிசை வரிசையாகக் குனிந்து, இரண்டு இலை விட்ட குருத்தை ஒவ்வொன்றாகப் பிடுங்கி முந்தானையில் போட்டுக்கொண்டு வந்து கோழிக்குப் போடுவாள். நாலு பருவம் மழையைப் பார்த்து ஏங்கிய கைக்கு, முளைத்த பயிரைப் பிடுங்குவது லேசில் வரவில்லை. சுற்றியிருந்த களையை ஒன்றும் செய்யக் கூடாது, பயிரைத்தான் பிடுங்க வேண்டும். இப்படி ஒரு விவசாயத்தை எந்த மகராசன் கண்டுபிடித்தானோ என்று வாய்விட்டே திட்டுவாள்.

விதை எங்கிருந்து வருகிறது என்பது அவளுக்கு இரண்டு மாதம் புரியவில்லை. ஒரு நாள் கோழிக்குத் தீனி போடும்போது டப்பா பாதி காலியாக இருந்தது. எட்டுக் கோழி அவ்வளவு தின்னாது. முழு மக்காச்சோளம். கண்முன்னால் இருந்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து மில்லில் உடைத்த சோளமாக வாங்கினாள். மாமனார் அதையும் எடுத்துப் போய் விதைத்தார். உடைத்தது முளைக்குமா? முளைக்கவில்லை. ஆறு வாரம் நிலம் வெறும் களையாகக் கிடந்தது. அவளும் நிம்மதியாக மிஷினில் உட்கார்ந்து ஊரார் துணிக்கு மடிப்புத் தைத்தாள்.

அந்த ஆறாவது வாரத்தில்தான் கள ஆய்வாளர் பைக்கில் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, அவளைவிடப் பத்து வயது சின்னவர் இருப்பார். வந்ததும் போன் வந்தது. சிக்னல் கிடைக்காமல் வாசலில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தபடியே பேசி முடித்தார். அப்புறம் ஒரு படத்தை எடுத்து நீட்டினார்.

"மேலேருந்து எடுத்ததும்மா. இதோ, இந்த மேட்டுக்குப் பின்னால. மூணு பச்சைக் கோடு தெரியுதா?"

"களையா இருக்கும் சார்."

"நேர்ல போய்ப் பார்த்துட்டுத்தான் வரேன். முழங்கால் உயரம் நிக்குது, மக்காச்சோளம்." படத்தை மடித்து உள்ளே வைத்தார். "களை வரிசையில முளைக்காதும்மா."

மேட்டுக்குப் பின்னால். அவள் எட்டிக்கூடப் பார்க்காத ஒரே இடம். கோழித் தீனியை மாற்றுவதற்கு முன்பே கிழவர் அங்கே போய்ப் போட்டிருக்கிறார். இந்தப் பக்கம் ஒவ்வொரு குருத்தாகத் தேடிப் பிடுங்கிய கை, அந்தப் பக்கம் மூன்று வரிசையை முழங்கால் உயரம் வளர விட்டிருக்கிறது.

"சார், இப்பவே பிடுங்கிடறேன்."

"தொடாதீங்க. ஆதாரம் அது. தொட்டா இன்னும் பெரிய கேஸ் ஆயிடும்." நோட்டீஸில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பைக்கை எடுத்தார். "ஆபீஸ்ல வந்து விசாரிங்க. நான் பார்த்ததை எழுதித்தான் ஆகணும், தப்பா நினைக்காதீங்க."

மாமனார் கட்டிலில் இருந்து கேட்டார். "யாரும்மா அது? விதை வியாபாரியா?"

"ஆமா மாமா" என்றாள்.

மறுநாள் வேளாண்மை அலுவலகத்துக்குப் போனாள். வெளிச்சுவரில் மாமனார் பெயர் இன்னும் இருந்தது, வெயிலில் தாள் பழுப்பேறிப் போயிருந்தது. உள்ளே கிளார்க் பெண் ஒருத்தி கம்ப்யூட்டர் முன்னால் டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். முகத்தில் சலிப்பு அப்பிக் கிடந்தாலும் பேச்சில் விஷமில்லை. கோப்பைத் திறந்து படித்தாள்.

"உங்க மாமனார் விதைச்சாருன்னு ஊர்லேருந்து ஒரு மொட்டைக் கடுதாசி வேற வந்திருக்கு. அவரைத் தவிர இவ்வளவு நேரா விதைக்க இங்க ஆள் இல்லைன்னு எழுதியிருக்காங்க. பாராட்டறாங்களா மாட்டி விடறாங்களான்னே தெரியல."

"அவருக்கு ஞாபகம் இல்லைங்க. தெரியாம பண்ணிட்டாரு. டாக்டர் சீட்டு இருக்கு."

கிளார்க் சட்டென்று கையை நீட்டி அவள் பையை அமுக்கினாள். "அந்தச் சீட்டை வெளியே எடுக்காதீங்க. அவருக்குப் புத்தி சரியில்லைன்னு ஃபைல்ல ஏறிச்சுன்னா, அவர் கையெழுத்து செல்லாது. கோர்ட்டுல கார்டியன் போட்டு, ஆர்டர் வாங்கி, அதுவரைக்கும் ஒரு பைசா வராது. ரெண்டு வருஷமா புத்தி இல்லைன்னா ரெண்டு வருஷமா வாங்கின பணம் எப்படின்னும் கேப்பாங்க."

"புத்தியோட விதைச்சாருன்னு சொன்னா?"

"நாலு வருஷத்துப் பணத்தையும் கட்டணும்."

அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். புத்தி இருந்தாலும் நிலம் போகும், இல்லாவிட்டாலும் சோறு போகும். அந்தப் பணத்தில்தான் அடுப்பு எரிகிறது, அவருக்கு மாத்திரை வருகிறது. மடிப்புத் தைத்து வருகிற காசு மிஷினுக்கு எண்ணெய் போடக் காணாது. எங்கே போவாள்? அப்பா போய்விட்டார், கடையை எடுத்துவிட்டார்கள். நாத்தனார் ஏற்கெனவே தன் அப்பாவை ஏதாவது ஹோமில் விட்டுவிட்டு நிலத்தைப் பார்க்கலாம் என்று ஜாடையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வேற வழியே இல்லையா?" என்றாள். அழக் கூடாது என்று வந்தவள், ஒரு அரசாங்க மேஜை முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதாள்.

கிளார்க் அவளைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "சொந்தக்காரருக்குத் தெரியாம வேற ஆள் விதைச்சிருந்தா அவர் மேல தப்பு இல்ல. விதி பதினாலு. ஆனா அந்த ஆள் வந்து, நான்தான் விதைச்சேன்னு ஒத்துக்கணும்." அப்புறம் டப்பாவைப் பைக்குள் வைத்தாள். "நான் எதுவும் சொல்லல. விதியைப் படிச்சேன்."

விசாரணைக்குப் பதினேழு நாள் இருந்தது. அன்று மாலையே எழுதிக் கொடுத்துவிட்டாள்: மாமனாருக்குத் தெரியாமல், கோழித் தீனிக்காக, நான்தான் மூன்று வரிசை மக்காச்சோளம் போட்டேன். எழுதும்போது பொய் சொல்கிறோம் என்ற உறுத்தல்கூட வரவில்லை. அவ்வளவு தூரம் இறங்கி வந்துவிட்டோமே என்றுதான் தன்மேல் தனக்கே பாவமாக இருந்தது.

விசாரணை வயலிலேயே நடந்தது. காலை பதினொரு மணிக்கு ஜீப்பில் மேடம் வந்தார். மாவட்ட அதிகாரி, தொப்பி போட்டிருந்தார், மண்ணில் நடக்கப் பழகிய செருப்பு. கூடவே வெள்ளைச் சட்டை ஆய்வாளர். சொந்தக்காரரும் ஆஜராக வேண்டும் என்று நோட்டீஸில் இருந்ததால் மாமனாருக்கு முகம் சவரம் செய்து, சுத்தமான சட்டை போட்டுக் கைப்பிடித்துக் கூட்டிவந்திருந்தாள். அவரை மேட்டின் மேல் ஒரு கல்லில் உட்கார வைத்துவிட்டு, ஐந்து வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக அந்தப் பக்கம் இறங்கினாள். சிமெண்டு பலகை இருந்த பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். முதுகு முழுக்க அதைத்தான் உணர்ந்தது.

மூன்று வரிசையும் நின்றன. தண்ணீர் காணாமல் இலை சுருண்டிருந்தாலும், முதல் செடிக்குப் பின்னால் மற்றதெல்லாம் ஒளிந்துதான் நின்றன. இத்தனை மறந்த பிறகும் மனிதர் கோடு தப்பவில்லை.

மேடம் முனையில் குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"இதை நீங்களா போட்டீங்க?"

"ஆமாங்க மேடம்."

"நான் இருபது வருஷமா வயல் பார்க்கறேன். இது திருட்டுத்தனமா அவசரத்துல போட்ட கை இல்ல." நிமிர்ந்தார். "பக்கத்துல ஒரு வரிசை போட்டுக் காட்டுங்க."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. ஆய்வாளர் ஜீப்பிலிருந்து ஒரு பிடி முழு மக்காச்சோளத்தையும் ஒரு குச்சியையும் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குச்சியை வாங்கினாள். எதிரே மோட்டார் அறையின் மூலை தெரிந்தது. அதைக் கண்ணில் பிடித்தாள். குழி, இரண்டு மணி, கால். குழி, இரண்டு மணி, கால். உள்ளங்கை வியர்வையில் சோளம் ஒட்டியது. கீழே பார்க்கவில்லை. கோணினால் நிலம் போச்சு. அவரையும் கொண்டுபோய் ஹோமில் தள்ளிவிடுவார்கள். பாதி வரிசை வந்திருப்பாள், பின்னாலிருந்து குரல் கேட்டது.

"தள்ளும்மா. நீ எதுக்கு வெயில்ல?"

மாமனார் கல்லிலிருந்து எழுந்து இறங்கி வந்திருந்தார். விதைப்பதைப் பார்த்துக்கொண்டு அந்த மனிதரால் எப்படி உட்கார முடியும்? அவள் கையிலிருந்து குச்சியை உருவினார், மீதிச் சோளத்தை வாங்கிச் சட்டைப் பையில் போட்டார். அவள் வரிசைக்கு ஒரு அடி தள்ளி, புதிதாக ஒரு குழி போட்டார். முதல் நாலு குழியும் அச்சு அசல் அந்த மூன்று வரிசையின் இடைவெளி. மேடத்தின் புருவம் உயர்ந்தது. எல்லாம் முடிந்தது என்று அவளுக்குத் தெரிந்தது.

அந்த நேரம் ஆய்வாளருக்குப் போன் வந்தது.

"சொல்லுங்க சார், கேக்குது, சொல்லுங்க" என்றபடி அவர் வயலின் மறுமுனைக்குப் போனார். சிக்னலைத் தேடி மெதுவாக இடது பக்கம் நடந்தார். நின்றார். மறுபடி இடது பக்கம் நடந்தார். வெயிலில் அந்த வெள்ளைச் சட்டை பளிச்சென்று தெரிந்தது.

மாமனார் நிமிர்ந்த தலையோடு நடந்தார். அவர் கண் எதன்மேல் இருக்கிறது என்று அவளுக்கு ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. கம்பத்தின்மேல் இல்லை, மோட்டார் அறையின்மேல் இல்லை. அந்தச் சட்டையின்மேல். சட்டை நகர நகரக் கிழவரும் நகர்ந்தார். குழி, இரண்டு மணி, கால். வரிசை மெல்ல வளைந்தது. ஆய்வாளர் திரும்பி வலது பக்கம் வந்தார், வரிசையும் திரும்பியது. கீழே பார்க்காத மனிதருக்கு அது தெரியவில்லை.

"சார், ஒரு நிமிஷம் நில்லுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கோடு நிமிர்ந்துவிடும். அறுபது வருடம் ஒரு மனிதருக்கு இருந்த ஒரே பெருமை, ஊரார் முன்னால் இல்லாவிட்டாலும் ஒரு அதிகாரி முன்னால், கோணிக்கொண்டு போகிறது. அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். தன்னையே தனக்குப் பிடிக்காமல் நின்றாள்.

மேடம் இரண்டு வரிசைகளையும் மாறி மாறிப் பார்த்தார். அவளுடையது பாதிதான், ஆனால் நேர். அவருடையது வாய்க்கால் போல நெளிந்து கிடந்தது.

"இவரால அந்த வரிசையைப் போட முடியாதுன்னு எழுதிக்கோங்க" என்றார், போன் பேசி முடித்து வந்த ஆய்வாளரிடம். பிறகு அவளிடம் திரும்பினார். குரல் கொஞ்சம் இளகியிருந்தது. "பணம் நிக்காது. அவருக்கு வர வேண்டியது வரும். ஆனா விதியை மீறின ஆள் நாமினியா இருக்க முடியாது. அவருக்கு அப்புறம் இந்தப் பணத்துல உங்களுக்கு உரிமை இல்ல. புரியுதா?"

"புரியுதுங்க."

"படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

அவள் படிக்கவில்லை, போட்டாள். அவர் மூச்சு ஓடும் வரை சோறு. அதற்கப்புறம் அந்தப் பணம் நாத்தனாருக்கு, தெரு அவளுக்கு. இத்தனை அல்லாடியும் கையில் மிஞ்சியது ஒரு கிழவரின் ஆயுசு மட்டும்தான். அதை எத்தனை நாள் என்று யார் கண்டது?

"செடியை இன்னைக்கே பிடுங்கிடுங்க. இப்பப் போட்ட விதையையும் தோண்டி எடுத்துடணும். ஒண்ணு முளைச்சாலும் அடுத்த தடவை நான் வர மாட்டேன், நோட்டீஸ்தான் வரும்" என்றார் மேடம். ஜீப் கிளம்பிப் போனது.

மூன்று வரிசைச் செடியையும் அவள் பிடுங்கிக் குவித்தாள். மாமனார் அதைக் கவனிக்கவில்லை. அவர் தன் வரிசையின் முனைக்கு வந்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சுருங்கியது.

"இதை யார் போட்டது?"

அவள் கையில் இருந்த செடியைக் கீழே போட்டாள்.

"நான்தான் மாமா."

"கண்ணு எங்க வெச்சிட்டுப் போட்டே? குடிகாரன் நடந்த மாதிரி இருக்கு." குச்சியைத் தரையில் குத்தினார், அவ்வளவு கோபம். "தையல்காரன் மகளா நீ? நாளைக்கு முளைச்சு நின்னா ஊர் என்னைத்தானே கேக்கும்? எடு, எல்லாத்தையும் எடு. எடுத்துட்டு நேரா போடு."

"சரி மாமா."

மண்டியிட்டாள். முதலில் தன்னுடைய பாதி வரிசை, பிறகு அவருடைய நெளிந்த வரிசை. ஒவ்வொரு குழியாக விரலால் தோண்டி, இரண்டு இரண்டு மணியாக எடுத்து முந்தானையில் முடிந்தாள். எங்கே குழி என்று தேட வேண்டியிருக்கவில்லை. இடைவெளி ஒரு இடத்திலும் பிசகவில்லை, திசைதான் பிசகியிருந்தது. கடைசி மணியை எடுத்துவிட்டு எழுந்தபோது அவர் போகவில்லை. குச்சியை நீட்டிக்கொண்டு நின்றார்.

"போடு. நான் பாக்கறேன்."

வீட்டுக்குப் போகலாம் மாமா என்று சொல்லிப் பார்த்தாள். அசையவில்லை. வெயில் உச்சியில் ஏறிவிட்டிருந்தது, அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது. போட்டு முடிக்காமல் அவர் நகர மாட்டார். அவள் குச்சியை வாங்கினாள். மோட்டார் அறையின் மூலையைக் கண்ணில் பிடித்தாள்.

குழி போட்டாள். வெறும் இரண்டு விரலைக் குழிக்குள் விட்டு எடுத்தாள். காலால் மண்ணைத் தள்ளி மூடினாள். அடுத்த குழி. வெறும் விரல். கால். கண்ணில் நீர் கட்டி மோட்டார் அறை கலங்கியது, துடைத்துக்கொண்டு நடந்தாள். வரிசை முழுக்க, ஒரு மணி கூடப் போடாமல், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை விதைத்துவிட்டுத் திரும்பினாள்.

அவர் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். தலையை ஆட்டினார். கோபமெல்லாம் இறங்கிப்போயிருந்தது.

"இப்ப சரி" என்றார். அப்புறம் அவள் முதுகுக்குப் பின்னால், சிமெண்டு பலகை கிடந்த பக்கம் பார்த்துக் கேட்டார். "தண்ணி எப்ப விடப் போறே?"

"நாளைக்கு விடறேன் மாமா" என்று சொல்லி, அவர் கையைப் பிடித்து மேட்டில் ஏற்றினாள்.